அடிபம்புக்கு வந்த சீரு

ஏய், பாய் பூராத்தையும் நீங்க ரெண்டு பேருமே புடிச்சுக்கிட்டா நான் எங்க உக்காரது? தள்ளுங்க. சலேத்து, உன் காலு என்ன ரயில்வே கேட்டா, இப்பிடி குறுக்க நீட்டி வெச்சிருக்க? மடக்கு. டேய் மிக்கேலு, தூங்குற மாதிரி நடிக்காத, தூங்குறவன் பல்லத் தெரிய விட்டு சிரிக்க மாட்டான். உங்க அம்மா பம்பு மாட்டப் போயிருக்கா, நாளைக்குத்தான் வருவா. அதனால இன்னைக்கு நாந்தான் உங்களுக்குப் பாட்டி. மீசை வெச்ச பாட்டி. வெத்தல இடிக்கச் சொன்னா ஒதப்பேன்.

கதை வேணும்னா 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுரும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு சைக்கிளு இருந்துச்சாம்.

"ராஜா இல்லயா மாமா?"

ராஜா இருந்தா குதிரை இருக்கும். குதிரை இருந்தா சைக்கிளு எதுக்கு? பேசாம கேளு. வெள்ளக்காரன் காலத்து சைக்கிளு. இருபத்திநாலு இஞ்சு, நடுவுல பாரு, கம்பி பிரேக்கு. மிதிச்சா 'க்ரீச்... டொக்கு, க்ரீச்... டொக்கு'ன்னு சத்தம். நடுரோட்டுல படுத்துருக்குற நாயெல்லாம் எந்திரிச்சு நின்னு வழி விடும், அம்புட்டு மரியாத. அத ஓட்டுனவ பேரு சவரியம்மா.

"எங்க அம்மா பேரு!"

உங்க அம்மாவேதான். வேற ராணியக் கூட்டிட்டு வந்தா அவளுக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியுமா? அந்த சைக்கிளு பாருல உக்கார வெச்சுத்தான் உங்கப்பன் அடைக்கலம், ஊசிக்காட்டுல இருந்து உங்க அம்மாவக் கூட்டிட்டு ஓடிவந்தான். ஓடிவந்தான்னு சும்மா பேருக்குத்தான். பாதி வழியில அவனுக்கு மூச்சு வாங்கிருச்சு. அப்புறம் உங்க அம்மா மிதிச்சா, அவன் பாருல உக்காந்துக்கிட்டான்.

சிரிக்காத, கேளு. ஊசிக்காட்டுக்காரங்களுக்கு ஒரே கோவம். 'அவ எங்க ஊருல பொறக்கவே இல்ல'ன்னுட்டாங்க. கல்யாணத்துக்குப் பொறந்த ஊர்ல இருந்து சீரு வரணும்ல? பானை, சட்டி, சேல, குத்துவிளக்கு? ஒரு கரண்டி கூட வரல. அஞ்சு வருசம் உங்க அம்மா அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. அந்த அஞ்சு வருசத்துல பம்பு மெக்கானிக் வேலயக் கத்துக்கிட்டா. இந்த மிக்கேலு சட்டயக் கழட்டி வீசுற மாதிரி அடிபம்பக் கழட்டி வீசுவா. அப்போ இவன் பொறக்கவே இல்ல. சலேத்து, நீ மூக்கு ஒழுகிக்கிட்டு தவழ்ந்துக்கிட்டு இருந்த.

"ம்."

அப்போ ஊசிக்காட்டுல இருந்த ஒரே அடிபம்பு நின்னு போச்சு. அடிச்சா 'டங்கு... டங்கு'ன்னு வெறுங்காத்துதான் வருது. கண்மாய் வெடிச்சுக் கெடக்கு. கெணத்துல மண்ணு மூடிருச்சு. ஒம்பது நாளு! பானையில புடிச்சு வெச்சிருந்த தண்ணியும் தீந்துக்கிட்டு வருது. மெக்கானிக்க வரச் சொல்லி ஆள் விட்டாங்க, அந்தா வாரேன் இந்தா வாரேன்னாங்க, ஒருத்தனும் வரல. அப்புறம் ஊர்ப் பெரியவரு இஞ்ஞாசி என்ன சொன்னாரு? "இனி தாங்காதப்பா. நாளைக்கு விடிஞ்சதும் செங்கச்சூளைக்காரன் லாரி அனுப்புறான். ஊரோட ஏறி சூளை வேலைக்கே போயிருவோம்"னு சொல்லிட்டாரு. எல்லாரும் பானை சட்டியெல்லாம் மூட்ட கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

இத ஒரு கோழி யாவாரி வந்து உங்க அம்மாகிட்ட சொன்னான். உடனே எந்திரிச்சு சைக்கிளுக்கு எண்ண விட்டா.

உங்கப்பன் கேட்டான், "உன்ன மதிக்காத ஊருக்கு நீ எதுக்குடி போற?"

"ஊரே காலியாப் போச்சுன்னா நான் யாருகிட்ட கோவமா இருக்குறது?"

அம்புட்டுதான். அவன் வாய மூடிக்கிட்டான். இன்னைக்கு வரைக்கும் தெறக்கல, பாரு.

கேரியர்ல ரெண்டு பக்கமும் ரெண்டு குடம் தண்ணி. வாயில துணிய கட்டி, கயித்தால இறுக்கி. குழா ரெஞ்சு, ஸ்பேனரு, தோல் வாசரு எல்லாத்தையும் சாக்குல சுருட்டி பாருல கட்டிக்கிட்டா.

"பம்புலதான தண்ணி வரும்? அப்புறம் எதுக்குத் தண்ணி கொண்டு போகுது?"

அப்பிடிக் கேளு. அடிபம்பு உன்ன மாதிரிதான். வாயில ஒரு முட்டாய் போட்டாத்தான நீ பள்ளிக்கூடம் கெளம்புவ? அதே மாதிரி, மேல கொஞ்சம் தண்ணி ஊத்தி வாசர நனச்சாத்தான் அது கீழ இருக்குற தண்ணிய இழுக்கும். காஞ்ச வாசரு வெறுங்காத்தத்தான் இழுக்கும். வெளங்குச்சா?

"ம்."

க்ரீச்... டொக்கு, க்ரீச்... டொக்கு. பதினாலு கிலோமீட்டரு.

மொதல்ல ஒரு ஆறு வந்துச்சு. ஆறுன்னா தண்ணி ஓடுற ஆறு இல்ல, மணலு. டயரு 'சொத்'துன்னு உள்ள போயிருச்சு. தள்ளுனா நகரல. அப்போ உங்க அம்மா சாக்க அவுத்துத் தலையில வெச்சு அக்கரைக்குக் கொண்டு போனா. திரும்பி வந்து குடத்த இடுப்புக்கு ஒண்ணா கொண்டு போனா. திரும்பி வந்து சைக்கிளத் தோளுல தூக்கிக்கிட்டுப் போனா. அத்தன காலமா சைக்கிளு அவளத் தூக்குச்சு, அன்னைக்கு அவ அதத் தூக்குனா.

அப்புறம் ஒரு ஆட்டு மந்தை. தண்ணி வாசம் புடிச்சு 'மே... மே'ன்னு ஓடிவந்து சுத்தி நின்னுக்கிச்சு. ஒரு கெடா, துணியப் பல்லால இழுத்துப் போட்டுட்டுக் குடத்துக்குள்ள மூஞ்சிய விட்டுருச்சு. 'சர்ர்ர்... சர்ர்ர்.'

"ஆயா, ஆட்டப் புடிங்க! இது பம்புக்குக் கொண்டு போற தண்ணி!"

ஆடு மேய்க்கிற ஆயா கேட்டுச்சு, "ஏத்தா, பம்பு தண்ணி குடிக்குமா?"

"குடிக்கும். ஒண்ணு குடிச்சா நூறாத் திருப்பித் தரும். உங்க ஆடு என்னத்தத் தரும்?"

"புழுக்கை தரும்."

ஏய், மெதுவாச் சிரிங்க, உங்கப்பன் எந்திரிச்சுருவான். இவங்க ரெண்டு பேரும் ஞாயம் பேசி முடிக்குறதுக்குள்ள அந்தக் குடம் பாதியாப் போச்சு.

அப்புறம் ஊசிக்காட்டு எறக்கம். 'விர்ர்ர்'ருன்னு சைக்கிளு எறங்குது. பிரேக்கப் புடிச்சா... கம்பி கையோட வந்துருச்சு! கால ஊனுனா செருப்பு பறந்துருச்சு! நேரா கருவேலம் புதருக்குள்ள 'டமார்!' ஒரு குடம் ஒடஞ்சு போச்சு. எந்தக் குடம்? ஆடு வாய் வெச்ச குடமா?

"ம்."

என்ன 'ம்'? முழுசா இருந்த குடம்டா!

மிச்சம் அரக்குடம். மூஞ்சியில முள்ளு, ஒரு கால்ல செருப்பு, கையில பிரேக்குக் கம்பி. இப்பிடித்தான் பொண்ணு அஞ்சு வருசம் கழிச்சுப் பொறந்த ஊருக்குள்ள சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தா. ஒருத்தரும் 'வா'ன்னு சொல்லல. இஞ்ஞாசி மட்டும் மூட்டயக் கட்டிக்கிட்டே நிமிந்து பாத்தாரு.

"இந்த சைக்கிள எனக்குத் தெரியும். இதுலதான போன?"

"இதுலதான் வந்துருக்கேன் சித்தப்பா."

செங்கோல் மதினின்னு ஒண்ணு உண்டு, உங்க அம்மாவுக்குப் பெரியப்பா மகன் பொண்டாட்டி. வாயி கத்திரிக்கோலு. அது கதவுக்குப் பின்னாடி நின்னு, "பொறந்த ஊருக்கு வர்றவ பலகாரம் கொண்டாரலயா?"ன்னு கேட்டுச்சு.

"தண்ணி கொண்டாந்தேன் மதினி. அதுவும் முக்காவாசி வழியிலயே போச்சு."

சொல்லிட்டு நேரா பம்புகிட்டப் போயி ஒக்காந்துட்டா. 'க்ரீக்... க்ரீக்'னு போல்ட்டக் கழட்டுனா. உள்ள இருந்த வாசரு பழய செருப்பு மாதிரி பிஞ்சு தொங்குது. புது தோல் வாசர மாட்டி, பாதித் தண்ணிய ஊத்தி அடிச்சா. டங்கு... டங்கு. ஊத்துன தண்ணி 'களகளகள'ன்னு கீழ எறங்கிப் போயிருச்சு. ஏன்? கீழ மூடுற வால்வுல ஒரு மணலு, கடுகு தண்டி. அதத் தொடச்சு மாட்டுனா.

மிச்சத் தண்ணியையும் ஊத்தி அடிச்சா. இப்ப கைப்பிடி கனமா ஆச்சு! ஊரே எட்டிப் பாக்குது! டங்கு... டங்கு... 'புஸ்ஸ்ஸு'. குழா சேர்ற எடத்துல ரப்பரு செத்துப் போயி காத்த உள்ள இழுக்குது. தண்ணி எறங்கிருச்சு. குடம் காலி.

அப்போ உங்க அம்மா என்ன செஞ்சா தெரியுமா? சைக்கிளப் படுக்கப் போட்டு, பின் டயரக் கழட்டி, டியூப்ப உருவி, கத்தியால 'சரக்'குன்னு அறுத்தா. அது இல்லாம எப்பிடித் திரும்பிப் போறது! அத வளையமா வெட்டி, குழாய்க்கு நடுவுல வெச்சு முறுக்கிட்டா. இனிமே காத்து போகாது. ஆனா ஊத்துறதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

"வீட்டுல யாருகிட்டயாச்சும் ஒரு குடம் தண்ணி இருக்கா?"

"எங்கிட்ட இல்ல." "எங்க வீட்டுலயும் இல்ல." "ஒரு பொட்டு இல்ல தாயி." ஒம்பது நாளாத் தண்ணி இல்லாத ஊரு, நம்பத்தான் வேணும். ஆனா செங்கோல் மதினி ஒதடு ஈரமா இருக்கு! உங்க அம்மாவுக்குக் கண்ணு பருந்துக் கண்ணு. பாத்துட்டா. எல்லாரும் கடைசிச் செம்ப ஒளிச்சு வெச்சிருக்காங்க. நாளைக்கு லாரியில பிள்ளைகளுக்குக் குடுக்க வேணாமா? தப்பு சொல்ல முடியாது.

அப்போ சவரியம்மா பம்பு மேட்டுல ஏறி நின்னா. இடுப்புல கை வெச்சா.

"இஞ்ஞாசி சித்தப்பா! எனக்குக் கல்யாணம் ஆச்சா, இல்லயா?"

"ஆச்சு... ஆகாம என்ன?"

"சீரு செஞ்சீங்களா?"

செங்கோல் மதினி கதவுக்குப் பின்னாடி போயிருச்சு.

"பாத்திரம் வேணாம், சேல வேணாம். பொறந்த ஊரு பாக்கி வெச்ச சீர இப்பக் குடுங்க. வீட்டுக்கு ஒரு செம்பு. இந்தப் பம்புல ஊத்துங்க."

"ஊத்தி, வரலன்னா?"

"வரலன்னா நாளைக்கு அந்த லாரியில என்னையும் ஏத்திக்கங்க. நானும் இந்த ஊருப் பொண்ணுதான்."

இஞ்ஞாசி கையில இருந்த மூட்டயக் கீழ போட்டாரு. அப்புறம் விடுவிடுன்னு வீட்டுக்குள்ள போனாரு. வரும்போது தோளுல புதுத் துண்டு, கையில பித்தளத் தட்டு, தட்டுல வெத்தல பாக்கு, நடுவுல ஒரு செம்பு தண்ணி.

"சீருன்னா மொறையாச் செய்யணும்"னாரு.

அவ்வளவுதான்! ஒவ்வொரு கதவா 'கிரீச்... கிரீச்'னு தெறக்குது. ஒருத்தன் நெல்லுக் குலுக்கைக்குள்ள இருந்து எடுக்குறான். ஒருத்தி கோழிக்கூடைய நிமுத்தி எடுக்குறா. செங்கோல் மதினி மூட்டய அவுத்து, ஏழு சேலைக்கு நடுவுல இருந்து ஒரு தூக்குச்சட்டிய எடுத்துச்சு. "பாதிதான் இருக்கு, நான் குடிச்சிட்டேன்"னு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நீட்டுச்சு. கடைசியா சர்ச்சுல மணி அடிக்கிற கோயில்பிள்ள, தீர்த்தத் தொட்டியவே தூக்கிட்டு வந்துட்டாரு. "மந்திரிச்ச தண்ணி, ஊத்தலாமா?"

"ஊத்துங்க. பம்புக்கு ஞானஸ்நானம் ஆனதா இருக்கட்டும்."

மூணாவது தடவ ஊத்துனாங்க. எல்லார் வீட்டுத் தண்ணியும் அந்தக் குழாய்க்குள்ள. ஊருல இனி குடிக்க ஒரு வாய் கெடயாது. உங்க அம்மா கைப்பிடியப் புடிச்சா. டங்கு... கைப்பிடி கனக்குது. டங்கு... இன்னும் கனக்குது. இஞ்ஞாசி வந்து கூடப் புடிச்சாரு. டங்கு... 'ஏவ்வ்வ்'னு பம்பு ஒரு ஏப்பம் விட்டுச்சு. அப்புறம் 'க்ளக்'. 'க்ளக் க்ளக்'. செம்மண்ணு கலர்ல ஒரு வாய் துப்புச்சு. அப்புறம்...

சொல்லட்டா, வேணாமா?

"சொல்லு மாமா!"

'பொளேர்ர்ர்'னு வந்துச்சு பாரு தண்ணி! மொழங்கை தண்டி! பால் மாதிரி நுரையோட! பிள்ளைக எல்லாம் அடியில போயி படுத்துருச்சுக. செங்கோல் மதினி ஓடிவந்து உங்க அம்மாவக் கட்டிப் புடிச்சு, "ஓடிப்போனவளே, ஓடிப்போனவளே"ன்னு முதுகுல ரெண்டு போட்டுச்சு. வலிச்சுச்சு, ஆனா நல்லாருந்துச்சாம்.

விடிஞ்சு லாரி வந்துச்சு. இஞ்ஞாசி டிரைவருக்கு ஒரு செம்பு தண்ணி குடுத்து, "குடிச்சிட்டு அப்பிடியே திருப்பிக்கப்பா"ன்னுட்டாரு.

அப்புறம் உங்க அம்மா ஊருக்குத் திரும்பணும், சைக்கிளுக்கு டியூப்பு இல்ல. நாலு பேரு சைக்கிளத் தோளுல தூக்கிக்கிட்டாங்க, சப்பரம் தூக்குற மாதிரி. ஹாண்டில்ல மாலை. முன்னாடி பொம்பளைக குடத்தத் தட்டிக்கிட்டே போறாங்க. அந்த மணலு ஆறு வரைக்கும் ஊரே வந்து விட்டுட்டுப் போச்சு. எந்த ஊரு 'பொறக்கல'ன்னு சொல்லுச்சோ, அந்த ஊரு!

கொடமும் ரொம்பிருச்சு, கதையும் வழிஞ்சிருச்சு, இனி கண்ண மூடுங்க.

"மாமா."

என்ன, தூங்கலயா நீ?

"அதுதான உன் ஊரும்? நீ எத்தன செம்பு ஊத்துன?"

போர்வைய இழுத்து மூடு, பனி எறங்குது.

"மாமா?"

ஊத்தல. கட்டிலுக்கு அடியில ஒரு குடம் முழுசா இருந்துச்சு. லாரியில போறப்ப எனக்குன்னு வெச்சிருந்தேன். அக்கா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஓடிப்போனாளேன்னு கோவம் வேற. கதவச் சாத்திக்கிட்டு ஓட்ட வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். கூடப் பொறந்தவன் நான், சீருத் தட்டோட மொத ஆளா நிக்க வேண்டியவன், ஒரு சொட்டு குடுக்கல. தண்ணி வந்ததும் மொத ஆளா ஓடிப்போயி குடிச்சது மட்டும் நாந்தான்.