தலை நீட்டிய விரால்

வெண்ணாவலூர் அரசருக்கு அரண்மனைக் குளத்து விரால் மீன்கள் என்றால் உயிர். குடிமக்களும் அதைக் குறை சொல்லவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் புது வரி எதுவும் போடுவதில்லை.

ஒரு சித்திரை மாதம். குளம் பாதி வற்றி, தண்ணீர் கொதித்தது. விரால்கள் ஓயாமல் மேலே வந்து, வாயைப் பிளந்துவிட்டு உள்ளே போயின.

குளத்துக் காவல் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர அமைச்சர் அரியநாயகம் வெகுநாளாகக் காத்திருந்தார். ஓடிப்போய் அரசரிடம் சொன்னார்.

"அரசே, காவல்காரன் வீரணன் குளத்தில் விஷம் கலந்துவிட்டான். இல்லாவிட்டால், தண்ணீருக்குள் வாழ்கிற மீனுக்கு வெளியே என்ன வேலை?"

சபைக்கு இழுத்து வரப்பட்ட வீரணன் அரசர் காலில் விழுந்தான். "சாமி, வெயில் ஏறினா விரால் அப்படித்தாங்க மேல வரும். மார்கழியில எப்பவாச்சும்தான் தலை காட்டும்."

"மார்கழி வரைக்கும் உன் தலை இருக்க வேண்டுமே," என்றார் அமைச்சர்.

அரசவையில் திருமேனி என்று ஒரு கெட்டிக்காரர் உண்டு. அவர் எழுந்தார். "அரசே, பெரிய குற்றம். விஷயம் வெளியே கசியக் கூடாது. உச்சி வேளையில், சின்ன மண்டபத்தில், கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு விசாரிப்போம். சபையோர் எல்லோரும் வரட்டும்."

வழக்குச் சொல்பவர் பேசி முடிக்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம். அமைச்சரோ சுருக்கமாகப் பேசிப் பழக்கமில்லாதவர். பட்டு அங்கியும் தலைப்பாகையுமாக நின்று, கடவுள் வாழ்த்திலிருந்து ஆரம்பித்தார்.

மண்டபம் நிறைய ஆட்கள். புழுக்கம் ஏறியது. அரசர் விசிறியைப் பிடுங்கித் தானே வீசிக்கொண்டார். வீரணனின் பாட்டனார் செய்த குற்றங்களுக்கு அமைச்சர் வந்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது. பேச்சைப் பாதியில் விட்டு ஓடினார். ஜன்னலைத் தள்ளித் திறந்து, தலையை வெளியே நீட்டி, வாயைப் பிளந்தார்.

"ஐயோ!" என்று அலறினார் திருமேனி. "அமைச்சருக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்! அவர் வீட்டுச் சமையல்காரனைப் பிடித்துக் கட்டுங்கள்!"

"விஷமாவது மண்ணாவது!" ஜன்னலுக்கு வெளியிலிருந்தே கத்தினார் அமைச்சர். "உள்ளே ஒரே சூடு. காற்றே இல்லை. வெளியே வந்து மூச்சு விடாவிட்டால் செத்துப்போவேன்!"

திருமேனி அரசரை வணங்கினார்.

"விரால் தரப்பு வாதம் முடிந்தது, அரசே."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். வீரணன் வேலைக்குத் திரும்பினான். திருமேனிக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. அந்த வெயிலில் அதைப் போர்த்திக்கொள்ள அவர் மறுத்துவிட்டார்.