நாலடிப் பந்தலும் நரம்பு மாத்திரையும்

கருக்குவிளையில் பந்தல் போடுகிற நாலு பேரை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் உங்கள் வீட்டுக் கல்யாணத்தை மண்டபத்தில் வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். நான் சொல்லப்போகிற கல்யாண வீடு என் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. மூன்று நாளும் ஜன்னலை விட்டு நான் நகரவில்லை.

நாலு பேருக்கும் ஆளுக்கொரு வேலை. மேஸ்திரி அழகேசன் உத்தரவு போடுவார். சொரிமுத்து ஏணியின் அடியைப் பிடிப்பார். மாடக்கண்ணு அண்ணாந்து பார்த்து, "கோணலா இருக்கு, இடது பக்கம் தள்ளு" என்பார். ஏணியில் ஏறி முடிச்சுப் போடுவது தங்கப்பழம். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. ஒருவர் வேலையை மற்றவர் தொட மாட்டார். அதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் உண்டு.

தங்கப்பழத்துக்கு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நரம்பு சுண்டி இழுத்தது. டாக்டரம்மா ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறாம் நாள் நாலு பேரும் சேர்ந்தே போய் நின்றார்கள். கால் ஒருவருக்குத்தான், ஆனால் கவலை நாலு பேருக்கும்.

"வலி விட்டுப்போச்சா?" என்றார் டாக்டரம்மா.

"விட்டுப்போச்சும்மா. ஆனா தலை லேசா கிறங்குது."

"அப்ப நாளைக்குச் செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணிக்குப் போடுறதுதான் கடைசி மாத்திரை. ஆனா ஒண்ணு. மருந்து உடனே உடம்பை விட்டுப் போயிடாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவை, உள்ள இருக்கிறதுல பாதி குறையும். முழுசா போக ரெண்டு நாள் ஆகும்னு வச்சுக்குங்க. அதுவரைக்கும் ஏணி ஏறவே கூடாது."

"எந்த வழியாம்மா போகும்?" என்று கேட்டார் சொரிமுத்து.

"சிறுநீர் வழியாத்தான். வேற எந்த வழியா?"

மேஸ்திரி விரல்விட்டு எண்ணினார். செவ்வாய் எட்டு மணி, புதன் எட்டு மணி, வியாழன் எட்டு மணி. அவர் முகம் கறுத்துப்போனது. வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மேல்தான் எதிர்வீட்டு வைகுண்டமணியின் ஒரே மகளுக்கு முகூர்த்தம். பந்தல் புதன்கிழமையே நிற்க வேண்டும்.

சும்மா ஒரு பந்தல் என்றால் பரவாயில்லை. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் ராமபாண்டி வெயிலில் மயங்கி விழுந்து, சோடா தெளித்து எழுப்ப வேண்டியதாயிற்று. எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கல்யாணத்தன்னைக்கு என் தலையில வெயில் பட்டுச்சுன்னா தாம்பாளத்தைத் தூக்கிட்டுப் போயிருவோம்." வைகுண்டமணிக்கு அன்றையிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. நிழல் இல்லையென்றால் மகளுக்குக் கல்யாணம் இல்லை. பாவம் மனிதர், அந்தப் பயத்தோடு போயும் போயும் இவர்களிடம் பந்தலை ஒப்படைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாத்திரையை விழுங்கியதும், கல்யாண வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியது. டாக்டரம்மா சொன்ன கணக்கைச் சரிபார்க்க மேஸ்திரி ஓர் ஆமவடையை எடுத்தார்.

"இதான் மருந்துன்னு வச்சுக்கிடுங்க. ஆறு மணி நேரம் ஆச்சு" என்று பாதியைக் கடித்தார். "இன்னொரு ஆறு மணி நேரம்" என்று மிச்சத்தில் பாதியைக் கடித்தார். இப்படியே கடித்துக் கடித்து, கடைசியில் நகத்து நுனியில் ஒரு துணுக்கு நின்றது.

"இதுலயும் பாதிதான மேஸ்திரி போகும்?" என்றார் மாடக்கண்ணு.

"ஆமா."

"அப்புறம் அதுல பாதி?"

"ஆமா."

"அப்ப எப்பத்தான்வே தீரும்?"

தங்கப்பழத்தின் கண் கலங்கிவிட்டது. "பாதி பாதியாப் போனா மிச்சம் பாதி இருந்துக்கிட்டே இருக்குமே! இனிமே என் ஆயுசுக்கும் ஏணி கிடையாதா?" என்று விம்மினார். சொரிமுத்து ஏணியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அந்த நேரம் ஒரு கட்டெறும்பு வந்து, மேஸ்திரியின் நகத்திலிருந்த துணுக்கைத் தூக்கிக்கொண்டு போனது.

மேஸ்திரி துள்ளி எழுந்தார். "பாத்தீரா! கடைசித் துணுக்கை எறும்புதான் எடுக்கணும். அது வந்து சேரத்தான் டாக்டரம்மா ரெண்டு நாள் தவணை போட்டிருக்காவ!"

அன்று மத்தியானம்வரை தங்கப்பழம் ஓர் எறும்புச் சாரைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். எறும்பு வரவில்லை. ஒரு ஈ வந்தது. இருமித் துப்பினார். பிறகு சொரிமுத்து, போகிற வழியைத்தான் டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே என்று நினைவுபடுத்தி, ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். தங்கப்பழம் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் மாடக்கண்ணு வேலிக்கு வெளியே நின்று, "போச்சாவே?" என்று குரல் கொடுப்பார். "போச்சு, ஆனா அது போச்சான்னு தெரியலை" என்று உள்ளிருந்து பதில் வரும். தெருவே கேட்டது.

புதன்கிழமை காலையில் வைகுண்டமணி முற்றத்துக்கு வந்து பார்த்தார். மூங்கில் படுத்துக் கிடந்தது. தென்னங்கீற்று கட்டுக் கட்டாகக் கிடந்தது. நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பந்தல் எங்கவே?" என்று கேட்டார்.

மேஸ்திரி நிதானமாக விளக்கினார். இந்த நேரத்துக்கு எவ்வளவு மருந்து உள்ளே இருக்கிறது என்பதைக் காட்ட இன்னொரு வடை கேட்டார்.

"அவரு ஏறாட்டி வேற ஆளு ஏறப்பிடாதா? சொரிமுத்து ஏறட்டுமே!"

"சொரிமுத்து ஏறுனா ஏணியை யாரு பிடிப்பா?"

"மாடக்கண்ணு?"

"அவரு ஏறிட்டா கோணலா இருக்குன்னு கீழ இருந்து யாரு சொல்லுவா?" என்று பரிதாபமாகப் பார்த்தார் மேஸ்திரி.

வைகுண்டமணி தலையில் அடித்துக்கொண்டார். "அவரு மேல போக மாட்டாருன்னா பந்தலை அவருகிட்ட கீழ இறக்குங்கவே! எப்படியோ எனக்கு நிழல் வேணும்!" என்று கத்திவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்தபடி உள்ளே போனார்.

மேஸ்திரி மற்ற மூவரையும் பார்த்தார். "மனுசன்னா இப்படியில்ல இருக்கணும். நமக்குத் தோணிச்சா இது?"

உடனே கடப்பாரை வந்தது. மூங்கில் பன்னிரண்டு அடி. குழியை எட்டடி தோண்டினால் மேலே நாலடி. தங்கப்பழம் தரையில் நின்றபடியே முடிச்சுப் போடலாம். நான் ஜன்னல் வழியே, "மேஸ்திரி, மூங்கிலை நாலடியா வெட்டுனா தோண்டவே வேண்டாமே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சி, நாளைக்கு எட்டு மணிக்கு மருந்து போயிரும். அப்புறம் பந்தலை மேல தூக்கணுமில்லா? வெட்டிப்புட்டா காலுக்கு எங்க போவேன்?" நான் ஜன்னல் கதவைப் பாதி சாத்திக்கொண்டேன்.

தேரிச் செம்மணல், பொலபொலவென்று வந்தது. கடைசிக் குழியைத் தோண்டிய மாடக்கண்ணு மேலே வர முடியாமல் உள்ளே நின்றார். ஏணியை இறக்கினார்கள். ஏணியின் அடியைப் பிடிப்பது சொரிமுத்துவின் வேலை. அடி குழிக்குள் இருக்கிறது. ஆகவே சொரிமுத்து குழிக்குள் குதித்து ஏணியைப் பிடித்தார். மாடக்கண்ணு ஏறி வெளியே வந்தார். இப்போது சொரிமுத்து உள்ளே. அவர் ஏற வேண்டுமானால் யாராவது அடியைப் பிடிக்க வேண்டுமே என்று மாடக்கண்ணு இரக்கப்பட்டு மறுபடி குதித்தார். சொரிமுத்து மேலே வந்தார். இப்படி ஆறேழு முறை நடந்தது. கடைசியில் டீ வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, இரண்டு பேரும் ஏணியை மறந்துவிட்டு மண்ணைப் பிராண்டிக்கொண்டே வெளியே வந்து சேர்ந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் பந்தல் தயார். நாலடி உயரம், அழகான முடிச்சுகள், நாலு பக்கமும் மாவிலைத் தோரணம். தோரணம் தரையைத் தொட்டது. வைகுண்டமணி வெளியே வந்து பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கலங்காதீரும். காலையில எட்டு மணிக்குத் தூக்கிருவோம்" என்றார் மேஸ்திரி.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்து, "மருந்து போச்சு!" என்று அறிவித்தார். நாலு பேரும் நாலு மூலையில் நின்று, "ஏலேலோ" போட்டுத் தூக்கினார்கள். எட்டடி ஆழத்தில் நட்ட கால் அசையுமா? தெருவில் மாப்பிள்ளை வீட்டு வேன் ஹாரன் அடித்தது. வைகுண்டமணி மேளக்காரர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

வேனிலிருந்து முதலில் இறங்கியவர் ராமபாண்டி. வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. பெரிய தலைப்பாகையோடு சுற்றுமுற்றும் பார்த்தார். நிழல் என்று கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். குனிந்தார். இன்னும் குனிந்தார். பிறகு முழங்காலும் கையும் ஊன்றி உள்ளே போனார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏ, என்ன குளுமை! ஆத்தங்கரை மாதிரி இருக்கே. எல்லாரும் வாங்க!"

அப்புறம் என்ன, பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக இருநூறு பேர் தவழ்ந்து போனார்கள். தாலி கட்டுவது உட்கார்ந்து, சாப்பிடுவது உட்கார்ந்து, ஒரு குறையும் தெரியவில்லை. நாதஸ்வரக்காரர் மட்டும் குழலைப் படுக்கப் போட்டு வாசித்தார். பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழ வேண்டிய சிரமம்கூட இல்லை, எல்லோரும் ஏற்கெனவே விழுந்துதான் கிடந்தார்கள். வைகுண்டமணி அழுதார். இந்தத் தடவை சந்தோஷத்தில்.

சாப்பாடு முடிந்து தவழ்ந்து வெளியே வந்த ராமபாண்டி, மேஸ்திரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஆவணியில என் மகனுக்குக் கல்யாணம். இதே பந்தல்தான் வேணும். தலைப்பாகைதான் லேசா இடிச்சுது, அரையடி மட்டும் கூட்டிப் போடும்."

மேஸ்திரி முகம் வாடியது. "அதுக்கு வழியில்லையே அண்ணாச்சி. மருந்து காலையில எட்டு மணிக்கே போயிட்டே."

மறுநாள் நாலு பேரும் மாத்திரை கேட்டு மறுபடி டாக்டரம்மா முன்னால் நின்றார்கள்.

"இப்ப எங்க வலிக்குது?"

"வலியெல்லாம் சுத்தமா இல்லம்மா" என்றார் தங்கப்பழம்.

"பின்ன எதுக்கு மாத்திரை?"

மேஸ்திரி முன்னால் வந்து பணிவாகச் சொன்னார். "முழு மாத்திரைக்கு நாலடி வந்துச்சும்மா. இப்ப நாலரை அடி கேக்காவ. ஓரம் லேசா உடைஞ்ச மாத்திரை இருந்தா ஒண்ணு குடுங்க."