தவமணி அக்கா சொன்ன திகதி

லண்டனில் ஒரு பல்கலைக்கழகம். குடிவரவு, அகதிச் சட்டத்தில் முதுமாணிப் படிப்பு. அங்கே படித்த கருணைராஜாவுக்கு வயது நாற்பத்தாறு. பகலில் பஸ் ஓட்டுவார். படிப்பித்த யாழினி மிஸ் அவரைவிட எட்டு வயது இளையவர்.

படிப்போடு சேர்த்து ஓர் உண்மையான வழக்கையும் நடத்த வேண்டும். அவருக்குக் கிடைத்தது இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் கேட்ட தவமணி அக்காவின் வழக்கு. தோற்றால் அக்காவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் கருணைராஜா வாடிய முகத்தோடு மிஸ்ஸிடம் வந்தார்.

"என்ன அண்ணை, பஸ்ஸைத் துலைச்சிட்டியளோ?"

"பகிடி விடாதேங்கோ மிஸ். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி ஆமி வீட்டுக்குள்ள வந்து அடிச்ச நாள் எதெண்டு குடிவரவுக் கந்தோரில அக்காவிட்டை ரெண்டு முறை கேட்டிருக்கினம். போன வருஷம் கேக்கேக்கை மார்ச் எட்டாம் எண்டு கிடக்கு. இந்த வருஷம் கேக்கேக்கை பெப்ரவரி இருபத்தாறாம். ஆஸ்பத்திரித் துண்டில மார்ச் பத்தாம். பொய் சொல்லுறா எண்டு மறுத்திட்டாங்கள். நாப்பத்திரண்டு தீர்ப்பு வாசிச்சிட்டன். ஒருத்தர் சொல்லுறது உண்மையெண்டு எப்பிடி மிஸ் கண்டுபிடிக்கிறது?"

மிஸ் அவர் கொண்டுவந்த வழக்குக் கோப்பை மூடி வைத்தார்.

"உங்கட அம்மா எப்ப மோசம் போனவ?"

"நல்லூர்த் தேரண்டு மிஸ். பதினொரு வருஷமாச்சு."

"திகதி?"

அவர் கை போனைத் தேடியது.

"போனை வையுங்கோ."

"ஓகஸ்ட்... இருபது. இல்லை, இருபத்தஞ்சு..."

"ரெண்டு திகதி சொல்லுறியள். அம்மா செத்தது பொய்யோ அண்ணை?"

கருணைராஜா கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரே தவமணி அக்காவிடம் போனார்.

"அக்கா, திகதி வேண்டாம். அண்டைக்கு என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?"

"விரதம் தம்பி. கோயிலுக்குப் பூ ஆஞ்சுகொண்டு நிண்டனான். சிவராத்திரி எல்லே."

"ரெண்டு முறையும் இதையோ சொன்னனீங்கள்?"

"வேறென்னத்தைச் சொல்லுறது? எனக்குத் தெரிஞ்சது அதுதானே."

அக்கா சொன்னதை ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் கலண்டரைப் பார்த்திருக்கிறார்கள். போன வருஷம் கேட்டவர் போன வருஷச் சிவராத்திரியை எழுதினார். இந்த வருஷம் கேட்டவர் இந்த வருஷத்தை. அடி விழுந்து பன்னிரண்டு வருஷம். அந்த வருஷப் பஞ்சாங்கத்தை ஒருவரும் திறக்கவில்லை.

கருணைராஜா திறந்தார். சிவராத்திரி, மார்ச் பத்து.

மூன்று கலண்டரையும் ஆஸ்பத்திரித் துண்டையும் நீதிபதியின் மேசையில் வரிசையாக வைத்தார். நீதிபதி இரண்டு தரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவையே பார்த்தார்.

தீர்ப்பு வந்த அன்று கருணைராஜா பஸ் சீருடையோடு ஓடி வந்தார்.

"வெண்டிட்டம் மிஸ்! அக்கா இனி இஞ்சதான்! எல்லாம் அந்தச் சிவன் செயல்!"

"சிவனோடை நீங்களும் கொஞ்சம் ஓடித் திரிஞ்சனீங்கள். கோப்பை முடிச்சு வையுங்கோ."

கடைசிப் பக்கத்தைத் திறந்தார். பேனையை எடுத்தார்.

"முடிஞ்ச நாள் எண்டு ஒரு கட்டம் கிடக்கு மிஸ். இண்டைக்கு என்ன திகதி?"

"தவமணி அக்கா சிரிச்ச நாள் எண்டு எழுதுங்கோ அண்ணை. திகதியை அவையள் தேடிப் பிடிக்கட்டும்."