பவுனம்மாவுக்கு ஊற்றிய டீ

கோணல்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாருக்கும் இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துபோகும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் வீரணன் மகள் சிட்டுக்குக் காலையில் கல்யாணம் முடிந்தது. சாயங்காலம் மண்டபத்தில் டீயும் பஜ்ஜியும் வைத்து வரவேற்பு. டவுனிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை பவுனம்மாவும் வந்திருந்தார். எந்த விசேஷத்துக்குப் போனாலும், “எங்களை யாரு கவனிச்சா?” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவது அவர் வழக்கம். சொன்னால் அந்த வீட்டோடு பேச்சே அறுந்துபோகும். மாப்பிள்ளையின் அப்பாவோ அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். மகள் வாழப்போகிற வீடாயிற்றே என்று வீரணன் முன்கூட்டியே ஏற்பாட்டில் இறங்கினார்.

மச்சினன்மார் ஒச்சு, மாயன், சின்னாண்டி மூவரையும் கூப்பிட்டார்.

“தம்பிகளா, அந்தம்மா கௌரவம் பார்க்கும். வேண்டாம்னுதான் சொல்லும். வேண்டாம்னாலும் ஊத்தணும். ஆறின டீயை மட்டும் குடுத்துடாதீங்க. என் மானம் உங்க கையில இருக்கு.”

“கையில கெட்டில் இருக்கே மச்சான்,” என்றான் மாயன் கவலையோடு. “மானத்தை யாருகிட்ட குடுத்து வைக்கிறது?”

வீரணன் தலையில் அடித்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

பவுனம்மா ஒரு டம்ளர் குடித்தார். ஒச்சு மறுபடி கெட்டிலைச் சாய்த்தான். “வேண்டாம்ப்பா,” என்றார். ஊற்றினான். “அட, வேண்டாம்ங்கிறேன்ல!” என்றார். மாயன் ஊற்றினான். டம்ளரைக் கையால் மூடினார். சின்னாண்டி வேறு டம்ளர் கொண்டுவந்து ஊற்றினான். தட்டில் பஜ்ஜி மிதந்தது. அக்கம்பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் மடியிலும் டீ.

பவுனம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஊத்துங்கய்யா, நல்லா ஊத்துங்க! அண்டாவோட கொண்டாந்து கவுத்துங்க!”

மூவரும் சட்டென்று கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினார்கள்.

“வேணும்ங்கிறாங்களேடா,” என்றான் ஒச்சு.

“வேண்டாம்னா ஊத்தணும்னுதான் மச்சான் சொன்னாரு. வேணும்னா என்ன செய்யணும்னு சொல்லலையே,” என்றான் மாயன்.

“சொல்லாததைச் செஞ்சா மானம் போயிடும்,” என்று சின்னாண்டி தீர்ப்புச் சொன்னான். மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

தப்பிக்க வழி தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும், “எனக்கு ஊத்து! எனக்கு ஊத்து!” என்று கத்தத் தொடங்கினார்கள். மேடையிலிருந்த வீரணன் பதறிப்போய் ஓடிவந்தார்.

“அடப்பாவிகளா! கேட்கிறவங்களுக்கு இல்லைங்கிறதா? வேணும்னாலும் ஊத்துங்கடா!”

அதைக் கேட்ட பவுனம்மா வாயை இறுக மூடிக்கொண்டார். அப்புறம் திறக்கவே இல்லை. மூவரும் சூடான கெட்டிலோடு எதிரே நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாம்பூலம் கொடுத்தபோதுகூடத் தலையை மட்டும் ஆட்டினார். இந்தம்மா என்ன சொல்லிவிட்டுப் போகுமோ என்று வீரணனுக்கு வேர்த்து ஊற்றியது.

வேன் கிளம்பி நகர்ந்த பிறகுதான் பவுனம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“சம்பந்தி! இப்படி ஒரு கவனிப்பை நான் எங்கேயும் பார்த்ததில்ல! ஒரு குறையும் இல்ல! ஆளை விடுங்க!”

வீரணனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. போகிற வேனைப் பார்த்துக் கும்பிட்டார்.

“டேய், அம்மா பேசிட்டாங்க,” என்றான் மாயன்.

“வேணும்னாங்களா, வேண்டாம்னாங்களா?”

“எதுவா இருந்தா என்ன? ரெண்டுக்கும் ஊத்தணும்ல?”

மூவரும் கெட்டிலோடு வேன் பின்னால் ஓடினார்கள்.

விளக்கு வைக்கிற நேரம். டவுனில், பவுனம்மா அப்போதுதான் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க மூவரும் நிற்கிறார்கள்.

“ஒரு தப்பு நடந்துபோச்சும்மா,” என்றான் ஒச்சு தலையைச் சொறிந்துகொண்டு. “டீ ஆறிப்போச்சு. மச்சான்கிட்ட சொல்லிடாதீங்க. உங்க அடுப்பைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா, சூடு பண்ணி ஊத்திட்டுப் போயிடுவோம்.”