படிகளில் சொன்ன பொறாமை

"அவனுக்கு மட்டும் எப்படி டீச்சர் சரின்னு சொன்னீங்க?"

பிலோமினா டீச்சர் மலையின் முதல் படியில் உட்கார்ந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கேட்டவர் சேதுராமலிங்கம். ஐம்பத்தொரு வயது. தாலுகா அலுவலகத்தில் வேலை. 'அவன்' என்பது பக்கத்து மேஜை ஞானதுரை. எட்டு மாதமாக இருவரும் அவளிடம் ஓட்டம் பழகிவந்தார்கள். அடுத்த மாதம் மலை ஓட்டம். ஆயிரத்து இருநூறு படி, நிற்காமல் ஏறவேண்டும். அதில் ஓட ஞானதுரைக்கு மட்டும் அவள் அனுமதி தந்திருந்தாள்.

"என்னைவிட ஒரு வயசு பெரியவன். தொப்பை வேற இன்னும் முழுசா போகல."

"ஆமா."

"அப்புறம்?"

"அவர் டாக்டர்கிட்ட இதயத்தைக் காட்டிட்டு வந்தாரு. நீங்க போகல. மூணு தடவை சொல்லிட்டேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

அவள் எழுந்தாள். முப்பத்து நான்கு வயதுதான் அவளுக்கு.

"வாங்க, மெதுவா ஏறுவோம். ஞானதுரை சார் மேல என்ன கோபமோ, எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வாங்க."

சேதுராமலிங்கத்துக்கு அது போதும். இருபது வருஷம் சேர்த்து வைத்தது.

"முதல்ல பிரமோஷன் அவனுக்கு. சரி, போகட்டும். வீட்டுக்கு மாடி எடுத்தான். போகட்டும். இப்ப ஆபீஸ்ல எல்லாரும் அவன்கிட்டதான், 'சார், இளைச்சிட்டீங்களே'ன்னு கேக்கறாங்க. நானும்தான் இளைச்சேன்! எவனாவது..."

ஐம்பதாவது படியில் வாக்கியங்கள் குட்டையாயின. டீச்சர் அதைத்தான் கவனித்துக்கொண்டு வந்தாள்.

எண்பதாவது படியில் வார்த்தைகள் மட்டும் வந்தன.

"அவன்... போன வாரம்..."

கை தாடையைப் பிடித்தது.

"உக்காருங்க" என்றாள் டீச்சர். "எங்க வலிக்குது?"

"நெஞ்சை அழுத்துது. வாயு."

"எத்தனை நாளா?"

அவர் சட்டைப் பித்தானைத் திருகினார்.

"சார்."

"ரெண்டு மாசமா. உக்காந்தா போயிடும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா அவனுக்குத் தெரிஞ்சிடும்."

டீச்சர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். அவரை நடக்க விடவில்லை. டோலிக்காரர்கள் நாலு பேர் வந்து தூக்கி இறக்கினார்கள்.

பாதி வழியில் ஞானதுரை பயிற்சிக்காக எதிரே படியேறி ஓடி வந்தார், சிவப்பு பனியனில், மூச்சு வாங்காமல்.

சேதுராமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். வலியைவிட அதுதான் அதிகம் எரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். ஒரு ரத்தக்குழாய், நடுவில் நூல் மாதிரி இளைத்திருந்தது. அதை விரித்துவைக்க அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள்.

"எதுக்குப் பயிற்சி எடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆயிரத்து இருநூறு படி ஓடறதுக்கு."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

மலை ஓட்டத்தன்று சேதுராமலிங்கம் அடிவாரத்தில் பெஞ்சில் இருந்தார். சமதரையில் அரை மணி நடக்க மட்டுமே அனுமதி. ஞானதுரை மெடலோடு இறங்கி வந்தார். மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள்.

"டீச்சர்" என்றார் சேதுராமலிங்கம். "செத்துப் பிழைச்சும் மனசு எரியுது. இதுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது?"

பிலோமினா டீச்சர் கூட்டத்தைப் பார்த்துக் கை காட்டினாள்.

"ஞானதுரை சார், இங்க வாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல என்கிட்ட சொன்னீங்களே, அதை இவர்கிட்டயும் சொல்லுங்க."

ஞானதுரை மாலையைக் கழற்றினார். தரையைப் பார்த்தார்.

"வேண்டாமே டீச்சர்."

"சொல்லுங்க."

"சிரிக்காத சேது. டீச்சர் உனக்காக மூணு நாள் ஆஸ்பத்திரியிலேயே உக்காந்திருந்தாங்க. ஆபீஸே திரண்டு உன்னைப் பாக்க வந்துச்சு. இன்னைக்குப் பாரு, ஆயிரத்து இருநூறு படி ஏறியும் என் வீட்டுலேருந்து ஒருத்தரும் வரல." மாலையைக் கையில் சுருட்டினார். "அன்னைக்கு உன் கட்டில்ல நான் படுத்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு."

சேதுராமலிங்கம் அவர் கையிலிருந்த மாலையைப் பார்த்தார்.

பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.