ஆறாவது தகட்டின் மூச்சு

இருந்தது ஒரே ஒரு பொன்னாடை. அதற்கு மூன்று தோள்கள். கேட்டு முடிப்பதற்குள் விடை சொல்லத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, சமையல் காஸ் சேமிக்கும் ஆலை ஒன்று. அங்கே முப்பத்தாறு வயதான டேங்க் ஒன்று இருந்தது. ஆலைக்காரர்கள் அதைப் 'பெரியவர்' என்பார்கள். தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் குழாயைப் பெரியவர் உடம்பில் மாட்டவேண்டி வந்தது. அதைத் தாங்க எட்டு இடங்களில் தகடு வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். மேலாளர் உமையாள் அதற்கு அவசரப்படவில்லை. அத்தனை வருஷம் அழுத்தம் தாங்கிய இரும்பில் நெருப்பு வைப்பது சின்ன வேலை இல்லை. மதிலுக்கு அப்பால் நூறு வீடுகள் வேறு.

காஸை வெளியேற்றிக் கழுவியபின் முதலில் ஏறியவர் சோதனையாளர் தாஜுதீன். கருவியை விரற்கடை விரற்கடையாக நகர்த்தி, மூன்று நாள் இரும்பின் தடிமனைப் பார்த்தார். கிழக்கே, கடல் பார்த்த பக்கத்தில், ஆறாவது தகட்டுக்குக் குறித்த இடம் மெலிந்திருந்தது. அந்தக் குறியை அடித்துவிட்டு ஒரு சாண் தள்ளி வட்டம் போட்டார்.

அடுத்து வெல்டர் சவரிராயன். ராடுகளை அடுப்பில் காயவைத்து, சூடு ஆறுமுன் ஒவ்வொன்றாக எடுப்பார். காற்றுக்குத் தார்ப்பாய் கட்டி, பற்றவைக்கும் இடத்தையும் முதலிலேயே சூடேற்றிக்கொள்வார். நாலு பக்கமும் இழை பிசகாமல் அடைத்த தகடு ஒவ்வொன்றிலும், கீழ் ஓரத்தில் ஒரு சின்னத் துளை. டிராயிங்கில் அது இல்லை.

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார் உமையாள்.

"மூச்சு ஓட்டை மேடம். தகட்டுக்கு அடியில விரிஞ்சா வெளிய தெரியணும்லா?"

"உங்க வெல்டிங் விரியுமா?"

"விரியாதுன்னு நான் சொல்லலாம். இரும்புல்லா சொல்லணும்."

தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தார்கள், சொட்டுக் கசியவில்லை. தண்ணீரை வடித்து, வாசனையே இல்லாத நைட்ரஜனை அழுத்தி நிரப்பினார்கள். மறுநாள் காலை காஸ் லாரி வரும்.

அன்று பிற்பகல் பெயின்ட் அடிக்க வந்தவர் செல்லக்கனி. தினக்கூலி. மழைத்தண்ணீர் இறங்காதிருக்க எல்லாத் துளையையும் பட்டிப் பசை வைத்து அடைக்கும்படி அவருடைய மேஸ்திரி சொல்லியிருந்தார். ஐந்தை அடைத்தாயிற்று. ஆறாவதில் வைத்த பட்டி கொப்பளித்து வெளியே வந்தது. மறுபடி வைத்தார், மறுபடி கொப்பளித்தது. மூன்றாம் தரம் வைக்காமல் இறங்கிவிட்டார்.

"அண்ணே, ஆறாவது ஓட்டை ஊதுது."

"வெயில்ல உள்ள இருக்க காத்து விரியுது. அழுத்தி வைம்மா" என்றார் மேஸ்திரி.

"அந்தப் பக்கம் வெயில் போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"நீ என்ன இன்ஜினியரா? நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேண்டாமா?"

"வரணும். அதான் சொல்லுதேன்."

கையில் பட்டியோடு நேரே உமையாள் அறைக்குப் போய்விட்டார்.

துளையில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். குமிழி வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. லாரியை வர வேண்டாம் என்று சொல்லி, டேங்கைக் காலி செய்து, தகட்டை எடுத்துப் பார்த்தால் அடியில் டேங்க் சுவரிலேயே, வெல்டிங் ஓரமாக, தண்ணீர்கூட நுழையாத மயிரிழை போல ஒரு விரிசல். சவரிராயன் அதை விரலால் தடவினார். "கடல்காத்துல சூடு கொறஞ்சிருக்கு. தார்ப்பாய இன்னும் எறக்கிக் கட்டியிருக்கணும். எம் பிழைதான் மேடம்."

பாதுகாப்பு தினம் வந்தது. ஆண்டுக்கு ஒருவருக்கே பொன்னாடை. மெலிந்த இடத்திலேயே தகடு வைத்திருந்தால் விரிசல் கிழிசலாகியிருக்கும், ஆகவே தாஜுதீனுக்கே என்றார்கள் சிலர். பலர் செல்லக்கனி பக்கம். சவரிராயன் பெயரை எடுத்ததும் கேன்டீனில் ஒருவர் சிரித்தார். "விரிஞ்ச வெல்டிங்குக்குப் பொன்னாடையா? அப்ப நானும் ரெண்டு விரிய வைக்கேன்."

உமையாள் சிரிக்கவில்லை. எந்தத் தோளில் அது விழுகிறதோ அந்தத் தோளுக்குரியவரின் குணம்தான் நாளை முதல் ஆலையில் வளரும். அடுத்த முறை தப்பு செய்கிறவர் அதைச் சொல்வாரா, பூசி மறைப்பாரா என்பதும் அதில் அடங்கியிருந்தது. பொன்னாடையைப் பிரித்துக் கையில் எடுத்தார். மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள்.

அதை யாருக்குப் போர்த்துவது சரி?

விடை: சவரிராயனுக்கு. தாஜுதீன் பழைய இரும்பின் குறையைக் கண்டார், குறையில்லாத வேலை. செல்லக்கனி, கூலி போனாலும் போகட்டும் என்று, இன்னொருவர் வேலையின் குறையைச் சொன்னார். அதற்கு நெஞ்சு வேண்டும். சவரிராயனோ, பிழை நேரும் முன்பே, யாரும் கேட்காமலே, அது தன்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வாய் திறந்து வைத்தார். அந்த வாய் பேசியதால்தான் செல்லக்கனிக்குக் கேட்டது. விழாவுக்கு மறுவாரம் விரிசலைப் பழுது பார்த்து, ஆறாவது தகட்டைத் துளையோடு மறுபடி பற்றவைத்தார். பிறகு செல்லக்கனியிடம் ஒரு டப்பா கிரீஸை நீட்டினார். "பட்டிய எல்லாம் எடுத்துட்டு இத வையிம்மா. மழை உள்ள போவாது. மூச்சு வந்தா இதத் தள்ளிக்கிட்டு வந்துரும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"சொல்லியிருக்கணும்" என்றார் சவரிராயன். "அதுவும் எம் பிழைதான்."