எட்டாம் விதியும் நானூற்றுப் பன்னிரண்டு செங்கலும்

அன்றைக்குக் கோணமேடு பேரூராட்சி அலுவலகத்தில் இருந்தவர்கள்: அய்யாக்கண்ணு, சடையப்பன், வீரபாகு, பிச்சாண்டி, குமாஸ்தா. ஆக ஐந்து பேர். குமாஸ்தா பாதித் தூக்கத்தில் இருந்ததால் நாலரை என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. அப்படி எண்ணியவர் அய்யாக்கண்ணு. எதையும் எண்ணாமல் அவரால் இருக்க முடியாது.

ஒழுகும் குழாய், இறுகிய கதவு என்று வீட்டுச் சில்லறை வேலைகள் பார்க்க நால்வரும் உரிமம் கேட்டிருந்தார்கள். அய்யாக்கண்ணுவுக்குத்தான் அவசரம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வேலையாவது முடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லன்னா எங்கண்ணன் தவிட்டு மில்லுல மூட்டை தூக்கப் போங்க" என்று மனைவி சிவகாமி சொல்லிவிட்டாள். மூட்டையைக்கூடத் தூக்கிவிடலாம். மச்சான் சிரிக்கிற சிரிப்பைத் தாங்க முடியாது.

குமாஸ்தா உரிமத்தை நீட்டினார். "விதி ஏழு: வேலை நடக்கிற இடத்துல லைசென்ஸ் சுவர்ல தொங்கணும். விதி எட்டு: மாட்டின சுவர்லேருந்து கழற்றக் கூடாது. மீறினா ரத்து."

நால்வரும் நேரே தங்கள் கடைக்குப் போய்ப் பின்சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் டீச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. கொல்லைக் குழாய் சொட்டுகிறதாம். நால்வரும் சுவர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"லைசென்ஸ் அங்க தொங்கணும்" என்றார் சடையப்பன்.

"இந்தச் சுவர விட்டு வரக் கூடாது" என்றார் வீரபாகு.

"அப்ப சுவரும் வரட்டும்ண்ணே" என்றான் பிச்சாண்டி.

"ஆணி அடிச்ச செங்கல மட்டும் கொண்டு போனா?" என்றார் சடையப்பன்.

"ஒரு பருக்கையத் தின்னுட்டுச் சாப்பிட்டேன்னு சொல்வியா? அது மாதிரி ஒரு செங்கல் சுவராகாது" என்றார் அய்யாக்கண்ணு.

மண் வைத்துக் கட்டிய சுவர், பொலபொலவென்று பிரிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு செங்கல். வண்டியில் ஏற்றினார்கள். உரிமம் தொங்கும் செங்கலைப் பிச்சாண்டி தலையில் வைத்து நடந்தான். டீச்சர் கொல்லையில், குளியலறையை ஒட்டி, குழாய்க்கு முன்னால் சுவர் எழுந்தது.

"இப்பச் சொட்டுதா?" என்றார் சடையப்பன்.

"குழாயே தெரியலயே" என்றார் வீரபாகு.

"தெரியலன்னா சொட்டலன்னு அர்த்தம்."

டீச்சர் சுற்றிவந்து, குழாயை அரைத் திருகு திருகினார். சொட்டு நின்றது. "கையெழுத்துப் போட்டுத் தர்றேன். முதல்ல இந்தச் சுவர எடுத்துட்டுப் போங்கப்பா" என்றார்.

இருட்டுவதற்குள் முடிக்கும் வேகத்தில் பிரித்து, ஏற்றி, கடையில் மறுபடி கட்டினார்கள். சுவர் முழுதாக நின்றது. ஆனால் பக்கத்தில் இருநூற்று முப்பத்தேழு செங்கல் மிச்சம் கிடந்தது. அய்யாக்கண்ணு மூன்று தரம் எண்ணினார்.

"சுவர் குட்டி போட்டிருக்குண்ணே" என்றான் பிச்சாண்டி.

யாருக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. அய்யாக்கண்ணு கையெழுத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். சிவகாமி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நிஜந்தான்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் டீச்சர் போன் பண்ணினார். "என் குளியலறையில ஒரு பக்கம் சுவரே இல்ல. உடனே வந்து கட்டுங்க."

"ரெண்டாவது வேலை" என்று பூரித்துப்போனார் அய்யாக்கண்ணு. சுவரைப் பிரித்தார்கள்.

"அந்த இருநூத்தி முப்பத்தேழையும் எடுத்துக்கவா?" என்றார் வீரபாகு.

"லைசென்ஸ் தொங்குற சுவர்தான் போகணும். அது எந்தச் சுவர்லயும் சேர்த்தியில்ல. கிடக்கட்டும்" என்றார் அய்யாக்கண்ணு.

குளியலறையின் திறந்த பக்கத்தை அடைத்துச் சுவர் எழுந்தது. தோளில் துண்டோடு நின்ற டீச்சர், அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். அவர் குளித்து முடித்து வெளியே கிளம்பும்வரை நால்வரும் முதுகைக் காட்டிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு சுவரைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மறுபடி போன். "நேத்துக் கட்டின சுவர் எங்கய்யா?"

"லைசென்ஸோட வந்துருச்சு டீச்சர். இப்பவே கட்டித் தர்றோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அய்யாக்கண்ணு கணக்குப் பார்த்தார். வேலை எட்டு. கையெழுத்து எட்டு. விதிமீறல் ஒன்றுமில்லை. மச்சானே மில்லை மூடிவிட்டு இவர்களோடு சேரலாமா என்று கேட்டனுப்பியிருந்தார்.

செங்கல் மீதி, இருநூற்று முப்பத்தேழு.